வியாழக்கிழமைச் சந்தையில் தொடங்குங்கள்: வெளிநாடு படிக்கப் போகும் கொங்குப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

புஞ்சைபுளியம்பட்டியில் வியாழக்கிழமை என்றால் சந்தை. எங்கள் பக்கம் "அடுத்த வாரம்" என்று சொல்கிறவர்கள் குறைவு, "வர்ற சந்தைக்கு" என்பார்கள். கைமாத்துத் திருப்பித் தருவதும் சந்தைக்கு, மாடு பிடிப்பதும் சந்தைக்கு. நான் முதுகலை படிக்க ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனபோது, அந்த நகரம் எனக்குப் பிடித்துப்போனதும் ஒரு வியாழக்கிழமைச் சந்தையில்தான்.

இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன். ஆனி, ஆடி பிறந்தால் எங்கள் வீட்டு ஆசாரத்தில் கோபி, சத்தி, அன்னூர்ப் பக்கத்திலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் வந்து உட்காருகிறார்கள். விசா, பிளாக்டு அக்கவுண்ட் (விசாவுக்காக வங்கியில் முடக்கி வைக்கும் செலவுப் பணம்), விடுதி என்று எல்லாம் விசாரிப்பார்கள். எழுந்து போய்ச் செருப்பை மாட்டும்போது அம்மாக்கள் திரும்பி நின்று கேட்பார்கள்: "அங்க சோத்துக்கு என்னங்க பண்றது?"

நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஊர் ஸ்டுட்கார்ட், அதை வைத்தே சொல்கிறேன். நீங்கள் லீட்ஸ் போனாலும் மெல்போர்ன் போனாலும் பெயர்கள்தான் மாறும், செய்யவேண்டியது இதே வரிசையில்தான்.

படி 1: கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது அடுப்படியில் நில்லுங்கள்

நான்கு சமையல் கைக்கு வந்தால் போதும்: அரிசிம்பருப்பு, பருப்புக் கடைசல், ரசம், ஒரு பொரியல். போய் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். யூடியூபில் ஆயிரம் அரிசிம்பருப்பு இருக்கிறது, உங்கள் வீட்டு அரிசிம்பருப்பு இருக்காது.

வீட்டுப் பெரியவர்கள் எல்லாம் கையளவில் சமைக்கிறவர்கள். ஆத்தா அரிசியை அள்ளிப் பாத்திரத்தில் போடப் போகும்போது, நான் டம்ளரை நீட்டி அதில் கொட்டச் சொன்னேன். "அளந்து ஆக்குனா ருசி வருமா கண்ணு?" என்றார். ஆனாலும் கொட்டினார். மூன்று டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு என்று வந்தது. ஒரு ஆளுக்கு முக்கால் டம்ளர் அரிசி, கால் டம்ளர் பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர். சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு நான்கு பல், ஒரு தக்காளி, வரமிளகாய் இரண்டு, சீரகம், மிளகு, கொஞ்சம் மஞ்சள்தூள், கறிவேப்பிலை, தேங்காய் இருந்தால் ஒரு பிடி.

அளவு எழுதி முடித்தபோது அவர் அடுப்பைக் காட்டிச் சொன்னதுதான் எனக்கு அங்கே அதிகம் உதவியது: "வெங்காயம் கண்ணாடியாட்டம் ஆகோணும், செவக்கப்படாது." இந்த மாதிரி வரிகளை எழுதிக்கொள்ளுங்கள். எந்த வாசம் வந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும், கடைசலுக்குப் பருப்பு எவ்வளவு குழைய வேண்டும், ரசம் நுரைத்து வரும்போது ஏன் இறக்கிவிட வேண்டும் என்பதெல்லாம் நோட்டில் இருக்கட்டும். அப்புறம், கிளம்புமுன் இரண்டு முறையாவது யாரும் பக்கத்தில் நிற்காமல் தனியாகச் செய்து வீட்டாருக்குப் போடுங்கள்.

படி 2: பெட்டியில் எது, எது வேண்டாம்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் பயணிகள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். 2019 டிசம்பர் 14 முதல் பச்சைக் காய், பழம், இலை கொண்டுபோகவும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள், ஆகவே பச்சைக் கறிவேப்பிலையையும் விட்டுவிடுங்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் என்ற ஐந்துக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் வேண்டாம். உரித்த தேங்காய் இரண்டைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டால் முதல் மாதம் ஓடிவிடும்.

பொடியாக்கினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஈரோட்டு மஞ்சள்தூள், மல்லிப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, வறுத்து அரைத்த கொள்ளுப்பொடி, பெருங்காயம். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஒரு கிலோ. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை அது. அங்கே பனி பெய்கிற காலையில் காப்பியில் ஒரு ஸ்பூன் போட்டுக் குடித்தால் தெரியும் ஏன் சொல்கிறேன் என்று. அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுட்ட கச்சாயம் பத்து நாளாவது தாங்கும், எள்ளுருண்டை இன்னும் தாங்கும்.

குக்கர் எடுத்துப்போங்கள், ஆனால் அடி தட்டையாக, இன்டக்‌ஷனுக்கும் ஆகிற மாதிரி. அங்கே விடுதிகளில் பெரும்பாலும் கண்ணாடி மேல்தட்டுள்ள மின் அடுப்புதான். மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட், அதனால் மிக்ஸி ஓடும். மூன்று முள் பிளக்குக்கு மட்டும் அடாப்டர் தேவை. பத்துக் கிலோ அரிசியும் ஐந்து கிலோ பருப்பும் எதற்கு? அங்கேயே கிடைக்கும். அந்த எடைக்கு ஒரு சென்னிமலைப் போர்வை வையுங்கள்.

படி 3: முதல் வாரம்

நான் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் எழுந்து அரிசி வாங்கலாம் என்று போனால் தெருவே அடைத்துக் கிடந்தது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை, சட்டமே அப்படித்தான். பொக்குனு ஆகிவிட்டது. அறைக்கு வந்து நான்கு கச்சாயமும் தண்ணீருமாக அன்றைய பொழுதை ஓட்டினேன். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும், பேக்கரிகளும் சில மணி நேரம் திறக்கும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, ஞாயிறு அமைதி நாள். மிக்ஸி ஓட்டினால் பக்கத்து அறைக்காரர் வந்து நிற்பார். சட்னி, மாவு எல்லாம் சனிக்கிழமையே அரைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் மாவு புளிக்காது. அடுப்பைச் சூடாக்காமல் ஓவன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். மேலே புகை மணி இருக்கிறது.

தண்ணீர், ஜூஸ் பாட்டில்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு தடவை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். கடையில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் காசாக்கலாம். நான் வெள்ளிக்கிழமை பொழுதோட பாட்டில்களைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அந்தக் காசில் வெண்ணெய் தடவிய பிரெட்சல் (முடிச்சுப் போட்ட மாதிரி சுட்ட ரொட்டி) ஒன்று வாங்குவேன். மேலே உப்புக் கல் நெறுநெறுக்கும், வயிற்றுப் பகுதி பஞ்சு மாதிரி இருக்கும், நடுவில் குளிர்ந்த வெண்ணெய். வாரம் முழுக்க அதை நினைத்துக்கொண்டே வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பல்கலைக்கழக மென்சா, அதாவது மாணவர் உணவகம். மாணவர் அட்டைக்குத் தனி விலை, சைவம் எது என்று பலகையிலேயே குறித்திருப்பார்கள். இந்தியக் கடை எங்கே என்று முதல் வாரமே தேடாதீர்கள் என்பது என் கருத்து. தேடினால் அந்தக் கடைக்கும் அறைக்கும் நடுவிலேயே இரண்டு வருடம் போய்விடும். முதலில் சந்தை.

படி 4: அந்த ஊரின் சந்தை நாளைக் கண்டுபிடியுங்கள்

ஸ்டுட்கார்ட்டில் மார்க்ட்பிளாட்ஸ், ஷில்லர்பிளாட்ஸ் என்ற இரண்டு சதுக்கங்களில் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் வாரச் சந்தை கூடுகிறது. சுற்றுவட்டாரக் குடியானவர்கள் வண்டியில் கொண்டுவந்து காலையில் கடை போட்டு, மதியத்துக்கு மேல் மூட்டை கட்டிவிடுவார்கள். அங்கே வியாழக்கிழமையும் சந்தை என்று தெரிந்த அன்று வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்பறமென்ன, நம்மூராட்டவேதான்" என்றார் ஆத்தா.

போனதும் வாங்காதீர்கள். நம் ஊரில் பெரியவர்கள் செய்வதுபோல ஒரு சுற்றுச் சுற்றி, யாரிடம் எது புதிது, எங்கே உள்ளூர்க் கிழவிகள் வரிசையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். உள்ளூர்க்காரர் நிற்கிற வரிசைதான் நல்ல வரிசை. ஒரு முக்கியமான விஷயம்: இங்கே வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குவோம், தக்காளியை அழுத்திப் பார்ப்போம். அங்கே காயைத் தொடக் கூடாது. கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். நான் முதல் நாள் நூல்கோலைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு அதே அம்மாவிடம்தான் இரண்டு வருடமும் காய் வாங்கினேன்.

அவரிடம் வாரா வாரம் ஒரே கேள்வி கேட்பேன்: "இப்போ எது பருவம்?" உடைந்த ஜெர்மனில்தான். இந்தக் கேள்விக்கு எந்த ஊர்க் குடியானவரும் முகம் கொடுத்துப் பதில் சொல்வார். இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு வருடக் கணக்கு கிடைத்தது. ஏப்ரலில் வெள்ளை அஸ்பாரகஸ் வரும், ஊரே அதைத் திருவிழா மாதிரி கொண்டாடும், ஜூன் 24 ஆனால் அறுவடையை நிறுத்திவிடுவார்கள். மே, ஜூனில் ஸ்ட்ராபெரி. செப்டம்பரில் நீலப் பிளம் பழம், அதை வைத்துச் சுட்ட கேக். அக்டோபரில் நம் அரசாணிக்காய்க்குத் தம்பி போல ஹொக்கைடோ என்று ஒரு சிவப்புப் பூசணி. அதன் தோலைச் சீவ வேண்டியதில்லை. கடுகு தாளித்து, வரமிளகாய் கிள்ளிப் போட்டு, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை தூவிப் பொரியல் செய்தால் கண்ணை மூடிக்கொண்டு புளியம்பட்டி என்று சொல்லலாம். இலையுதிர் காலத்தில் ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஃபில்டர் சமவெளியில் விளையும் கூம்பு முட்டைக்கோஸ். நம் முட்டைக்கோஸைவிட இலை மெல்லிசு, சீக்கிரம் வேகும்.

சின்ன வெங்காயத்துக்கு ஷலோட்டன். மோருக்கு, பாக்கெட்டில் வரும் புட்டர்மில்ஹ். உப்பும் நறுக்கிய வெங்காயமும் போட்டால் நம் மோர்தான். கம்பு கிடைக்காது. ஹிர்ஸே என்று விற்கிறார்களே, அது பனிவரகு. அதைக் குழைய வேகவைத்துக் கரைத்து, இந்த மோரை ஊற்றிக் குடித்தால் வேசகாலத்துக்குக் கூழ் ஆயிற்று.

படி 5: அந்த ஊர்க்காரர் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஸ்டுட்கார்ட் இருக்கும் பகுதியை ஷ்வாபன் என்பார்கள். அந்த மக்கள் வீட்டில் அடிக்கடி செய்யும் சாப்பாடு, பருப்பும் ஷ்பெட்ஸ்லேவும். மைசூர்ப் பருப்பின் தோலோடு கூடிய அண்ணன் போன்ற ஒரு பருப்பைக் காயோடு வேகவைத்து, கடைசியில் வினிகர் விடுகிறார்கள். ஷ்பெட்ஸ்லே என்பது கோதுமை மாவு, முட்டை, உப்பு, தண்ணீர் கலந்த கெட்டி மாவைக் கொதிக்கும் தண்ணீருக்குள் பிழிந்து எடுப்பது. அதைப் பிழிய ஒரு கைக்கருவி இருக்கிறது. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எங்கள் வீட்டில் சந்தவை (கொங்குப் பக்கத்து இடியாப்பம்) பிழிகிற அச்சு ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டேன். சந்தவையை அவித்துப் பிழிகிறோம், அவர்கள் பிழிந்து அவிக்கிறார்கள்.

இதில் பன்றிக்கொழுப்பும் சாசேஜும் சேர்ப்பது வழக்கம். வேண்டாதவர்கள் "ஓனே ஷ்பெக், ஓனே வுர்ஸ்ட்" என்று சொல்ல வேண்டும், கொழுப்பு இல்லாமல், சாசேஜ் இல்லாமல் என்று பொருள். முட்டையும் சாப்பிடாதவர்கள் பருப்பை மட்டும் ரொட்டியோடு கேளுங்கள்.

அந்தப் பருப்புக்கு ஒரு கதை உண்டு. நகரத்துக்குத் தெற்கே ஷ்வாபியன் ஆல்ப் என்ற சுண்ணாம்புக் கல் மேடு. மண் ஆழம் இல்லை, கல்லும் கரடுமாக இருக்கும், தண்ணீர் நிற்காது. நம் மேட்டாங்காட்டில் மற்றது வராத இடத்தில் கொள்ளு விதைப்போமே, அதுபோல அவர்கள் பருப்பு விதைத்தார்கள். வேலை அதிகம், விளைச்சல் குறைவு என்பதால் கடந்த நூற்றாண்டின் நடுவில் விதைப்பதையே விட்டுவிட்டார்கள். உள்ளூர் விதையும் போய்விட்டது. 1985இல் வொல்டெமார் மம்மெல் என்ற விவசாயி மறுபடி பருப்பு விதைக்கத் தொடங்கினார், பழைய விதை கிடைக்காததால் வேறு ரகத்தை வைத்து. தொலைந்துபோன ஆல்ப் ரகம் 2006இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், வவிலோவ் நிறுவனத்தின் விதைக் களஞ்சியத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அந்த நகரம் முற்றுகையில் கிடந்தபோது, பசியால் செத்தாலும் விதையைத் தின்ன மாட்டோம் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் காத்த களஞ்சியம் அது. அங்கிருந்து ஒரு பிடி விதை ஊர் திரும்பி, இன்று ஆல்ப்-லைசா என்ற பெயரில் பருப்பாக விற்பனைக்கு வருகிறது. கொடி சாய்ந்துவிடும் என்பதால் பார்லியோ ஓட்ஸோ ஊடே விதைத்து அதைப் பிடித்து நிற்க வைக்கிறார்கள். சோளக்காட்டில் தட்டையை ஏற்றிவிடுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆல்ப்-லைசா விலை கூடுதல். தினசரிக்குச் சாதாரணக் கடைப் பருப்பு, நல்ல நாளுக்கு இது என்று வைத்துக்கொண்டேன். இதைக் கொள்ளு மாதிரியே கடையலாம். ஒரு டம்ளர் பருப்பைக் குக்கரில் குழைய விடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்துத் தனியே வையுங்கள். ஷலோட்டன், பூண்டு, வரமிளகாய், மல்லி, சீரகம் எல்லாவற்றையும் எண்ணெயில் வதக்கிப் பருப்போடு சேர்த்து மிக்ஸியில் ஒன்றிரண்டாக ஒரு ஓட்டு ஓட்டுங்கள். வடித்த தண்ணீரில் புளியும் மிளகும் போட்டு ரசம். ஒரே பருப்பில் இரண்டும் ஆயிற்று. கொள்ளின் அந்த மண் வாசம் முழுதாக வராது, பாதி வரும். கையில் இருக்கும் கொள்ளுப்பொடியில் ஒரு ஸ்பூன் சேர்த்தால் முக்கால்வாசி வந்துவிடும்.

படி 6: காசில்லாத சந்தோஷங்களைத் தேடி வெளியே வாருங்கள்

நவம்பரிலிருந்து பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும், டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டு. அறைக்குள்ளேயே இருந்தால் மனசு சோர்ந்துபோகும். இது எல்லாருக்கும் வருவது. வெயில் ஒரு மணி நேரம் அடித்தாலும் அந்த நேரத்தில் வெளியே இருங்கள். பாடம் இருட்டிய பிறகு படிக்கலாம்.

ஸ்டுட்கார்ட் கிண்ணம் மாதிரி ஊர். சுற்றிலும் மேடு, மேட்டில் நகரத்துக்குள்ளேயே திராட்சைத் தோட்டம், ஏற 400க்கும் மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள். வாரம் ஒரு படிக்கட்டு என்று வைத்துக்கொண்டு ஏறினேன். திராட்சைக்காரர்கள் வருடத்தில் அதிகபட்சம் நான்கு மாதம் வீட்டையே சாப்பாட்டுக்கடையாகத் திறக்கலாம். வாசலில் துடைப்பம் தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒயின் குடிக்காதவர்களுக்குப் புதுத் திராட்சைச் சாறு உண்டு. ஆலை ஓடும்போது கரும்புப்பால் குடிக்கப் போவோமே, அந்த மாதிரி. பாட் கான்ஷ்டாட் பகுதியில் தாதுநீர் ஊற்றுகள் இருக்கின்றன, பொதுக் குழாயில் பிடித்துக் குடிக்கலாம். சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த நாக்குக்கு இரும்பு வாசம் தூக்கலாகத் தெரியும்.

இலையுதிர் காலத்தில் சாலையோரப் பழமரங்களில் மஞ்சள் நாடா கட்டியிருந்தால், யாரும் பறித்துக்கொள்ளலாம் என்று தோட்டக்காரர் அனுமதி கொடுத்திருக்கிறார் என்று பொருள். நாடா இல்லாத மரத்தைத் தொடாதீர்கள். வசந்தத்தில் காட்டில் பூண்டு வாசமடிக்கும் பேர்லௌஹ் கீரை முளைக்கும், துவையலுக்கு அருமை. ஆனால் அதே சாயலில் பள்ளத்தாக்கு லில்லியின் இலை விஷம். பறித்துப் பறித்துக் கையெல்லாம் பூண்டு வாசம் ஆகிவிடுவதால் வாசத்தை நம்பவும் முடியாது. உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வந்து காட்டாமல் பறிக்காதீர்கள். சந்தையிலேயே கட்டு கட்டாகக் கிடைக்கும்.

படி 7: ஒறம்பரை கூப்பிடுங்கள்

தனியாகச் சாப்பிடுகிற சோறு எவ்வளவு ருசியாக இருந்தாலும் பாதிதான் இறங்கும். இரண்டாவது மாதமே யாரையாவது சாப்பிடக் கூப்பிடுங்கள். நாலு வகை செய்யத் தேவையில்லை. அரிசிம்பருப்பு, தயிர், அப்பளம். காரத்தைப் பாதியாக்குங்கள், மிளகாயை முழுசாகப் போட்டு எடுத்துவிடுங்கள்.

நான் கூப்பிட்டது மாடிப்படியின் எதிர்வீட்டு அம்மாவை. ஷ்வாபன் பக்கம் பொது மாடிப்படியை வீட்டுக்கொரு வாரம் முறை வைத்துக் கூட்டித் துடைப்பார்கள். உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு பலகை தொங்கும். வாசல் தெளித்து வளர்ந்த பழக்கத்தில் நான் ஓரம் சந்தெல்லாம் சேர்த்துத் துடைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் முதலில் பேசினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, சந்தையில் வாங்கிய அரசாணிப் பொரியலும் அரிசிம்பருப்புமாகக் கூப்பிட்டேன். நெய் இல்லை, கடை வெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினேன். அவர் முதல் வாயை மெதுவாக மென்றார், இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். பருப்பும் அரிசியும் ஒரே பாத்திரத்திலா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அப்புறம் கைப்பையிலிருந்து பழைய தபால் உறை ஒன்றை எடுத்து, பென்சிலைப் பிடித்துக்கொண்டு, அளவு என்ன என்றார். மூன்றுக்கு ஒன்று, வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆக வேண்டும், சிவக்கக் கூடாது என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.